முன்னோக்கு இருக்கை வென்ற படலம்

வாழி! மியூனிக் மாநகர் ஈன்ற மாவீரன், முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்நகரின் மின்தூக்கிகள் அனைத்திலும் ஏறி இறங்கிச் சோதித்து முத்திரையிட்ட மூத்த பரிசோதகன், பாதி வழியில் நின்று அந்தரத்தில் ஊசலாடிய பெட்டிக்குள்ளும் கண்ணிமையாது நின்று குறிப்பெழுதிய நெஞ்சுரத்தோன், கம்பிமுனை மீசையோன், கறைபடாக் காலணியோன், எந்தத் தாளையும் மும்மூன்று படியெடுத்துக் கண்ணாடித்தாள் உறையிட்டுக் காக்கும் உறைவாள் மறவன், கோர்பினியான் ஸ்டெங்கல் வாழி! அவன் புகழ் பாடப் புகுந்த என் நா வாழி. கேட்க உட்கார்ந்த உங்கள் பொறுமை அதனினும் நீடு வாழி! மேலே போவதற்கும் அஞ்சான், கீழே போவதற்கும் அஞ்சான் அந்தப் பெருந்தகை. பின்பக்கமாகப் போனால் மட்டும் அவனுக்கு வாந்தி வரும்.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டு பெர்லின் நோக்கிப் பறந்த வண்டியில், ஊழ்வலியால் பின்னோக்கிய இருக்கையில் அமர நேர்ந்த அவ்வீரன், பக்கத்திலிருந்த இல்லக்கிழத்தி வால்பூர்கா அம்மையாரின், கடையிலிருந்து வந்து மூன்றே நாளான, கிளிப்பச்சைப் புதுத் தொப்பியை எவ்விதம் பயன்படுத்தினான் என்பதை இங்கே விரித்துரைத்தல் நாகரிகமன்று. தொப்பியை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அன்று பெர்லின் நடைமேடையில், காற்றில் தலைமுடி பறக்க, வெறுந்தலையளாய் நின்று, அம்மையார் சூளுரைத்தாள்.

"இதோ பாரு கோர்பி, இன்னொரு தடவை ரயில்ல நீ இப்படி வாந்தி எடுத்தா, அப்புறம் கடைசி வரைக்கும் நமக்கு லீவுன்னா எங்க அண்ணன் கேரவன்தான். சொல்லிட்டேன்."

அண்ணன் சாவெரின் கேரவன்! நால்வர் படுக்கும் கூட்டுக்குள் அறுவர் அடையும் அந்தச் சக்கரம் பூண்ட சிறை. காபி இறங்குமுன்னே காதில் இறங்கும் சாவெரின் அக்கார்டியன். மழை பெய்தால் நாள் முழுதும் சீட்டாட்டம். இவையனைத்துக்கும் மேலாக, கழிவறைத் தொட்டியை இரு கையாலும் ஏந்தித் தளும்பாமல் நடந்து சென்று காலி செய்யும் திருப்பணி, முறை வைத்துச் செய்வோம் என்று பேச்சேயன்றி, எந்த ஏரிக்கரையில் நிறுத்தினாலும் எந்த மலையடியில் நிறுத்தினாலும் வீட்டு மாப்பிள்ளை கோர்பினியான் தலையிலேயே வந்து விடியும் கொடுமை! ஒரே ஒரு தடவை போய் வந்தான். அந்தத் தொட்டி இன்னமும் அவன் கனவில் வருகிறது.

ஆகவே இவ்வாண்டு பாரிஸ் பயணத்துக்கு அவன் மூன்று திங்கள் தவமிருந்தான். பன்னாட்டு எல்லை கடந்து மணிக்கு முந்நூற்றிருபது கிலோமீட்டர் பாயும் விரைவு வண்டியின் இருக்கை வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அளவுகோலும் சிவப்பு மையும் கொண்டு ஆராய்ந்து, முதல் வகுப்பு, ஒன்றாம் பெட்டி, அடுத்தடுத்து இரண்டு இருக்கை, இரண்டும் மியூனிக்கிலிருந்து புறப்படுகையில் முன்னோக்கியவை என்று தேர்ந்து, அம்புக்குறியும் இட்டான். வாந்திக்கென்று ஒரு காகிதப் பை கூட எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் தன் ஏற்பாட்டின் மேல் தானே ஐயங்கொண்டதாகிவிடுமாம். ஸ்டுட்கார்ட்டில் அத்தை வீடுள்ள வால்பூர்கா, அந்த வரைபடத்தைப் பார்த்து, "கோர்பி, ஸ்டுட்கார்ட்ல ஒண்ணு..." என்று வாயெடுத்தாள். அவன் போக்குவரத்துக் காவலர் போல உள்ளங்கையைக் காட்டினான், அவளும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பெந்தெகொஸ்தே விடுமுறையின் முதல் நாள் காலை. நடைமேடையில் ஒன்றாம் பெட்டி வந்து நிற்கும் இடத்தை எழுத்துப் பலகையில் பார்த்து, அந்த எழுத்தின் நேர்கீழே, ஒரு சாண் இப்பால் அப்பால் பிறழாது, நட்ட கல்லெனத் தம்பதியர் நின்றிருந்தபோது, விண்ணதிர எழுந்தது அசரீரி: "பயணிகள் கவனத்துக்கு. பாரிஸ் வண்டி இன்று பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகிறது." இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், இவர்களை ஓட வைக்கத் தீப்பிடிக்க வேண்டாம், இந்த ஒரு வாக்கியம் போதும். ஒன்றாம் பெட்டிக்கு நின்ற படை மேற்கிலிருந்து கிழக்காகவும், கடைசிப் பெட்டிக்கு நின்ற படை கிழக்கிலிருந்து மேற்காகவும், உருள்பெட்டிகள் முரசென முழங்க, கைத்தடிகள் வேலென நிமிர, நடுமேடையில் எதிரெதிரே மோதி, "மன்னிக்கணும்", "பரவாயில்லை" என்னும் போர்க்கூச்சல் திசைகளை நிறைக்க, ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்தன. கோர்பினியானுக்குத் தோள்பட்டையில் ஒரு இடி, அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான அடி உள்ளே காத்திருந்தது. வண்டி திரும்பி நின்றால் அதிலுள்ள இருக்கையும் திரும்பித்தானே நிற்கும்? மூன்று திங்கள் தவத்தில் வென்ற இரு இருக்கைகளும் இப்போது பின்னோக்கியிருந்தன. சுற்றுமுற்றும் பார்த்தான். விடுமுறைக் கூட்டம்; ஒரு இடம் காலியில்லை.

நடைவழிக்கு அப்பால், சன்னலோரம், தன்னந்தனியாய், செவ்வண்ண வெல்வெட் போர்த்த ஒற்றை இருக்கையொன்று அரியணையென முன்னோக்கி வீற்றிருந்தது. அதன் மேல் வீற்றிருந்தாள், பாரிஸ் பெருமாட்டி மதாம் ஒதீல். மியூனிக்கில் மகளைப் பார்க்க மாதந்தோறும் இவ்வழியே வந்து போகும் அந்த எழுபது வயதுச் சேனாபதி, லாவண்டர் நாடா சுற்றிய அகன்ற வைக்கோல் தொப்பியைச் சன்னலோரக் கொக்கியில் வெற்றிக்கொடியென மாட்டி, மடியில் குறுக்கெழுத்துப் புதிரைக் கேடயமென விரித்து, கூர்தீட்டிய பென்சிலை ஏந்தியிருந்தாள். கோர்பினியானைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தாள்.

வண்டி நகர்ந்தது. மியூனிக் அவன் கண்ணெதிரே விலகி விலகிச் சென்றது. அடிவயிற்றில் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. மெதுவாகப் போகும் மட்டும் தாங்கிவிடலாம். ஸ்ட்ராஸ்பூர்க் தாண்டி முந்நூற்றிருபதில் வண்டி பாயுமே, அப்போது பின்னோக்கியிருந்தால் கேரவன்தான் என்பது அவனுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.

முதற்போர் பெருமூச்சுப் போர். ஆக்ஸ்பூர்க் வரை, நடைவழி தாண்டிக் கேட்கும்படி, ஏழு பெருமூச்சுகளை இடைவெளி விட்டு எய்தான். மதாம் ஏழாம் பெருமூச்சுக்குத் தலைநிமிர்ந்து, காற்று வேண்டுமா என்று கேட்டு, தன் தலைக்கு மேலிருந்த குளிர்காற்றுத் துளையை அவன் பக்கம் திருப்பிவிட்டாள். அவனுக்கு அதனால் தும்மல் வந்தது.

இரண்டாம் போர் உறைவாள் போர். உட்செவிச் சமநிலை குறித்து மருத்துவர் கையொப்பமிட்ட சான்றிதழை உறையோடு உருவி, இரு கையாலும் ஏந்தி, தலை தாழ்த்தி அவள்முன் நீட்டினான். இடம் மாறிக்கொள்ள முடியுமா என்ற வேண்டுகோளும் அடியில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, முத்திரையையும் விடாமல் வாசித்தாள்.

"அய்யோ பாவம், மிஸ்யூ. எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. கொஞ்சம் யோசிக்கிறேன்," என்றாள்.

யோசித்தாள். சிற்றுண்டித் தட்டு வந்தது, யோசித்தாள். வெண்ணெய் மணக்கும் பிறைவடிவ ரொட்டியை இழையிழையாகப் பிரித்து, கட்டைவிரல் உயரமே உள்ள குப்பியிலிருந்து ஆப்ரிகாட் ஜாமைக் கரண்டி நுனியால் கிள்ளியெடுத்துப் பூசி, முன்னோக்கியவாறே மென்று, முன்னோக்கியவாறே விழுங்கி, அவ்வப்போது கடிகாரத்தைப் பார்த்து, மேலும் யோசித்தாள். பின்னோக்கிய நம் வீரனோ முட்டையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தட்டையும் வால்பூர்காவே காலி செய்தாள்.

மூன்றாம் போரில் அரசநீதி நாடப்பட்டது. பயணச்சீட்டுப் பரிசோதகரை நிறுத்தி, வரைபடத்தையும் சான்றிதழையும் விரித்து, முன்னோக்கும் உரிமை பற்றிக் கோர்பினியான் கால்மணி நேரம் முறையிட்டான். அவர் கேட்டுவிட்டு, எண் சரியாக இருக்கிறது, எண்ணுக்குத்தான் தாம் பொறுப்பு, திசைக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு நகர்ந்தார். இவ்விடத்தில் வால்பூர்கா இரண்டாம் முறையாக, "கோர்பி, நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்க, உள்ளங்கை மீண்டும் உயர்ந்தது.

உல்ம் கடந்தது. மலைச்சரிவில் வண்டி நெளிந்து வளைந்து இறங்க, மாவீரனின் முகம் முதலில் வெளிறி, பின் மஞ்சளாகி, ஈற்றில் சென்ற ஆண்டுத் தொப்பியின் நிறத்தை எட்டியது. மீசை முனைகள் தொங்கின. நெற்றியில் வியர்வை அரும்பியது. பெப்பர்மிண்ட் டப்பாவில் கடைசி மிட்டாயும் கரைந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஸ்டுட்கார்ட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் என்ற வேளையில், மதாம் ஒதீல் குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பி, பென்சிலைக் கைப்பையில் இட்டு, எழுந்தாள்.

"வாங்க, மிஸ்யூ. இங்க உட்காருங்க. உங்களைப் பார்க்கச் சகிக்கல."

வாகை! வாகை! வெற்றிமுரசு அவன் செவிக்குள் முழங்கியது. ஆயினும் முப்பத்து நான்கு ஆண்டு முத்திரையிட்ட கையல்லவா அது? வாய்ச்சொல்லை நம்பி இடம் மாறுமா? கிழவி நடுவழியில் மனம் மாறிவிட்டால்? குறிப்பேட்டிலிருந்து தாள் கிழித்து, அச்செழுத்துப் போல ஒப்பந்தம் வரைந்தான்: இன்னார் இன்னாருடன் இருக்கை மாறிக்கொள்கிறார்; இம்மாற்றம் பாரிஸ் வரை செல்லும்; எக்காரணம் கொண்டும் எவரும் தம் பழைய இருக்கையைத் திரும்பக் கேட்கலாகாது. கடைசிப் பிரிவின் கீழ் இரண்டு கோடு போட்டான். வால்பூர்கா மூன்றாம் முறையாக வாய் திறந்தாள்; மூன்றாம் முறையாக உள்ளங்கை எழுந்தது. மதாம் வாசிக்காமலே கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

முன்னோக்கிய அரியணையில் அமர்ந்தான் கோர்பினியான். தண்டவாளங்கள் அவன்பால் பணிந்து ஓடி வந்தன. மரங்கள் எதிர்வந்து வணங்கின. திராட்சைக் குன்றுகள் வரவேற்பு வளைவுகளாயின. வயிறு அடங்கியது, மீசை நிமிர்ந்தது. எஞ்சிய அந்தச் சில நிமிடம் அவன் சக்கரவர்த்தியாக இருந்தான். அப்புறம் ஸ்டுட்கார்ட் வந்துவிட்டது.

ஸ்டுட்கார்ட், ஐயா, முட்டுச்சந்து நிலையம். உள்ளே வந்த வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். இது அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும், மாதந்தோறும் போய்வரும் மதாமுக்கும் தெரியும். அசரீரி எழுந்தது: "வண்டி இங்கிருந்து எதிர்த்திசையில் புறப்படும்." வண்டி புறப்பட்டது. ஸ்டுட்கார்ட் அவன் கண்ணெதிரே விலகி விலகிச் சென்றது. அவன் விட்டுக்கொடுத்த இருக்கையில் மதாம் ஒதீல், பாரிஸை முகத்துக்கு நேரே வைத்து, கால் நீட்டி அமர்ந்திருந்தாள்.

கோர்பினியான் மனைவியைப் பார்த்தான்.

"மூணு தடவை சொல்ல வந்தேன் கோர்பி. மூணு தடவையும் கையைக் காட்டினே," என்றாள் அவள்.

"நீ என் இடத்துக்கு வந்துடேன், வால்பூர்கா," என்றான் ஈனக்குரலில்.

"மாட்டேன். நீதானே பாரிஸ் வரைக்கும்னு கையெழுத்து வாங்கினே."

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தான். மூன்றாம் பிரிவில் ஓட்டை தேடினான். தன் கையால் எழுதிய தாளில் ஓட்டை இருக்குமா? கார்ல்ஸ்ரூ போயிற்று, ஸ்ட்ராஸ்பூர்க் போயிற்று. பெட்டியின் முகப்புத் திரையில் எண்கள் ஏறின: இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்றுப் பத்து. உலகம் முழுவதும் அவனைவிட்டுப் பின்வாங்கி ஓடிற்று. காற்றுத்துளை கைவிட்டது, மருத்துவச் சான்றிதழ் கைவிட்டது, கழிவறை வாசலில் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். முந்நூற்றிருபது என்று திரை ஒளிர்ந்த அக்கணம், அபயம் தேடிக் காற்றில் துழாவிய மாவீரனின் வலக்கரம், சன்னலோரக் கொக்கியில் மதாம் மறந்துவிட்டுப் போன, லாவண்டர் நாடா சுற்றிய, அகன்ற, ஆழமான வைக்கோல் தொப்பியைப் பற்றியது. ஒப்பந்தத்தில் தொப்பியைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஓவெனும் ஓசை அடங்கியது. மதாம் ஒதீல் தன் தொப்பியை ஒரு முறை பார்த்தாள். எழுபது ஆண்டில் முதன்முறையாக யோசிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. வால்பூர்கா அம்மையார் அமைதியாகக் கைப்பையைத் திறந்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.