மாமனார் காரின் ஸ்டீரிங்

"என்ன மாமா இது? ஸ்டீரிங்கைக் கால்வட்டம் திருப்பின பிறகுதான் டயரு அசையுது. இதை வெச்சுக்கிட்டா ஓட்டுறீங்க?"

தலைத்தீபாவளிக்குச் சிரம்பானிலிருந்து தெங்கேராவில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கியதுமே தனபாலன் இப்படிக் கேட்டுவிட்டான். மோட்டார் பட்டறைக்காரனின் கண் பலகாரத் தட்டில் நிற்குமா? வாசலில் நின்ற பச்சை நிற, இரண்டு சீட்டுப் பந்தயக் காரின் மேலேயே நின்றது. ரப்பர் விலை சரிந்த வருஷம் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர், தம் தோட்டத்தில் கணக்கெழுதிய பெரிய கிராணி தங்கையாவுக்கு அன்பளிப்பாக விட்டுப்போன கார் அது. கிராணியும் இப்போது வேலையிலிருந்து ஓய்ந்து வீட்டோடு இருந்தார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் ஓட்டச் சுகம் லா" என்றார் தங்கையா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மகள் கோமளா விடுவதாக இல்லை. "அப்பா, இவரு கை வெச்சா ஓட்டை லாரிகூடப் புதுசாயிரும். குடுத்துத்தான் பாருங்களேன்!"

அவள் ஆதங்கம் அவளுக்கு. பெண்ணைக் கவர்மெண்டு குமாஸ்தாவுக்குத்தான் கொடுப்பது என்றிருந்தவர் தங்கையா. அவள் பிடித்த பிடிவாதத்தில் பட்டறைக்காரனுக்குக் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் 'கெட்டிக்காரன்' என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. அந்த ஒற்றை வார்த்தைக்குத் தனபாலன் எவ்வளவு ஏங்கினான் என்பது கோமளாவுக்குத்தான் தெரியும்.

தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. மற்றவர்கள் மோதிரம் கேட்பார்கள், சைக்கிள் கேட்பார்கள். இந்த மாப்பிள்ளை ஸ்பானர் கேட்டான். தங்கையா மனைவி ராஜம்மாவைப் பார்த்தார். ராஜம்மா தரையைப் பார்த்தாள். ஸ்பானர் வந்தது.

அன்று சாயங்காலமே ஸ்டீரிங் பெட்டியின் திருகாணியை முறுக்கி, ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்தான். தானே கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தான். பிசகில்லை.

மறுநாள் எண்ணெய்க் குளியல் முடிந்து, தங்கையா ராஜம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். இத்தனை நாள் கோடு போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்த கார், அன்று தெருவின் இரண்டு ஓரத்தையும் அளந்துகொண்டே போனது. பக்கத்து வீட்டு வாத்துகள் சிதறி ஓடின.

"என்ன மாமா ஆச்சு?"

"வேலை சுத்தமான வேலை, மாப்பிள்ளை. ரோடுதான் சரியில்லை."

பாராட்டு மாதிரி இருந்தது. ஆனால் பாராட்டு இல்லை. தனபாலன் மறுபடி காருக்கு அடியில் புகுந்தான். தேய்ந்திருந்த மூட்டுகளுக்குப் பித்தளைத் தகடு வெட்டிக் கொடுத்தான். ஆட்டம் ஒரு விரல் அளவுக்கு வந்தது. அவன் ஓட்டினால் கார் நூல் பிடித்தாற்போல் போனது. மாமனார் ஓட்டியபோதோ, எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் கும்பிட்டு நின்றார்.

தான் ஓட்டும்போது இல்லாத கோளாறு மாமா ஓட்டும்போது எங்கிருந்து வருகிறது? தனபாலன் மண்டையைக் குடைந்துகொண்டான். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்துச் சீட்டில் அத்தை.

"கோமளா, கோவிச்சுக்காதே. உங்கம்மா எவ்வளவு கனம் இருப்பாங்க?"

"எதுக்கு?"

"இடது பக்கம் ஸ்பிரிங் அழுந்துதோன்னு ஒரு சந்தேகம்…"

"இது மட்டும் எங்கம்மா காதுல விழட்டும், அப்புறம் அதிரசத்தைக் கனவுலதான் பாக்கணும்!"

எனவே ஒரு அரிசி மூட்டையை அத்தையின் இடத்தில் உட்காரவைத்து, புக்கிட் ரம்பாய் வரை போய் வந்தான். மூட்டை சௌக்கியமாகத் திரும்பி வந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி இருசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஸ்டீரிங் பெட்டியையே கழற்றிப் பிரித்துவிட்டான்.

"போதுமே மாப்பிள்ளை" என்று தங்கையா கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"இதைச் சரி பண்ணாம ஊருக்குப் போனா, பட்டறைக்காரன்னு சொல்லிக்க எனக்கே வெக்கம் மாமா."

பூட்டி முடித்தபோது ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்டீரிங்கில் ஈ வந்து உட்கார்ந்தாலும் டயர் திரும்பும் போலிருந்தது. தங்கையா ஒரு பெருமூச்சு விட்டு ஏறினார். ராஜம்மா சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். கார் இடம், வலம், இடம், வலம் என்று உதறிக்கொண்டு இருபது கஜம் போய், மெதுவாக ரோட்டோரச் சாக்கடையான லோங்காங்கில் இறங்கி உட்கார்ந்தது.

யாருக்கும் அடியில்லை. தீபாவளிப் பட்டுச் சேலைக்குத்தான் சேறு. தனபாலன் ஓடிவந்து சாக்கடைச் சேற்றில் முழங்கால் வரை நின்றான்.

"மாப்பிள்ளை, நீங்க கெட்டிக்காரர்" என்றார் தங்கையா. "சத்தியமாச் சொல்றேன். தப்பு என்னுது."

ஏங்கிக் கிடந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் கார் சாக்கடையில் கிடக்கும்போது வந்ததால் அதைப் பரிதாபம் என்றே எடுத்துக்கொண்டான். ராஜம்மா கணவரின் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் பொத்திப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். கோமளா சேலைக்குத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு இருசம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள்.

"தம்பி, அந்தப் பழைய ஆட்டத்தை அப்படியே திருப்பி வெச்சுருங்க; ஐயாவோட கை நடுக்கத்தை மூணு வருஷமா ஊருக்கும் மகளுக்கும் தெரியாம முழுங்கிக்கிட்டிருந்ததே அதுதான்!"