பத்து போல்ட், பத்துப் பெரிய மனிதர்கள்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மனிதகுலம் செய்த அடுத்த பெரிய காரியம், அந்த ஒர்க்‌ஷாப்பில் பந்தயக் கார் இன்ஜின் ஒன்றுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை மாட்டியதுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை.

ஃபிட்டருக்கு மட்டும் இந்த மகத்துவம் புரிய நேரமாயிற்று. பாவம், வேலை செய்துகொண்டிருந்தார். ஹெட்டின் அடிப்பக்கத்தை மயிரிழை சீவி, காற்றுப் போகும் துளைகளை அரைத்துப் பெரிதாக்கி, பெரிய வால்வுகளை உட்கார வைத்து, மூக்கைச் சிந்தினால் அலுமினியப் பொடி வருகிற அளவுக்கு உழைத்திருந்தார். கால் மைல் நேர்கோட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்கிற கார் அது. ஓட்டப்போவது அவருடைய தங்கச்சி. அதே ஒர்க்‌ஷாப்பில் மண்ணெண்ணெயில் உதிரிப் பாகம் கழுவிக் கழுவி விரல் வெந்து, ஒருவழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தவள். ஜெயித்தால் வருஷம் முழுக்க ஓட்டுநர் இருக்கை அவளுக்கு. தோற்றால் முதலாளியின் மச்சினனுக்கு. மச்சினனுக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பது அவதூறு; ஹெல்மெட் போட்டால் படத்தில் நன்றாக விழுவார்.

இந்த நேரத்தில்தான் முதலாளி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பினார். ‘கூட்டு உடைமை உணர்வு’ என்கிற ஞானம் அங்கே மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே அவருக்குச் சித்தித்திருந்தது. வேலை எல்லாருடையதாகவும் ஆக வேண்டும். ஆகவே ‘ஹெட் பொருத்து விழா’. ஹெட்டில் போல்ட் பத்து. பத்துப் பெரிய மனிதர்கள் ஆளுக்கொன்றாக முறுக்குவார்கள். வரிசை, அந்தஸ்துப்படி: பெரியவர்கள் ஓரத்தில் தொடங்க, சின்னவர்கள் நடுவில் முடிப்பார்கள்.

ஃபிட்டர் குறுக்கிட்டார். நடு போல்ட்டில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், அதையும் மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும், ஓரத்தை முதலில் இறுக்கினால் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் தகடு நடுவில் அமுங்காது, தண்ணீர் கசியும் என்றார்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். பயிற்சியில் பொறுமையும் ஒரு பாடம்.

“நடுவுல யாரு வர்றா?”

“கணக்கரும் நானும்.”

“நீங்க ரெண்டு பேரும் முறுக்கி முடிக்கிற வரைக்கும் என் மாமனார் ஓரமா நிக்கணுமா? பணம் போட்டவருப்பா. இதுல மூணு சுத்து வேற. மரியாதைய யாராவது தவணையில குடுப்பாங்களா?”

இதற்கும் ஃபிட்டரிடம் பதில் இருந்தது. அதற்குள் முதலாளி தோளில் கைபோட்டு, கடைசி போல்ட் உனக்குத்தான், மேலே ‘தலைமை வல்லுநர்’ என்று பெயர்ச் சீட்டும் ஒட்டுவோம் என்றார். பதில் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் அரைத்த வால்வுகூட அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை.

விழா சிறப்பாக நடந்தது. மாமனார் முன்மூலை போல்ட்டை முறுக்கினார். குறித்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்கிற ரெஞ்ச். டிக் என்றதும் கைதட்டல் எழுந்ததால், இன்னொரு கைதட்டலை உத்தேசித்து இன்னும் ஒருமுறை முறுக்கினார். முதலாளி பின்மூலையை முறுக்கினார். மச்சினன் கேமராவைப் பார்த்தபடியே முறுக்கினார். டயர் கடைக்காரர், விளம்பரம் கொடுத்தவர் என்று எல்லாரும் முடித்த பிறகு ஃபிட்டர் நடுவில் ரெஞ்சை வைத்தார். கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கேமரா முகத்தில் இருந்ததால் சிரித்தார்.

எல்லாரும் போனதும் கழற்றி ஒழுங்காக மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு போல்ட்டிலும் பெயர்ச் சீட்டு. ஒன்றைக் கழற்றினால் ஒரு பெரிய மனிதரைக் கழற்றிய பாவம். தவிர, தன் சீட்டைப் படமெடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

பந்தயத்தன்று தங்கச்சி பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “ஹெட்டு நல்லா உக்காந்திருக்காண்ணே?”

“ராஜா மாதிரி உக்காந்திருக்கு.”

ராஜா பாதி வழியில் எழுந்துவிட்டார். வெள்ளை ஆவி முன்கண்ணாடியை மூட, கார் தடுமாறி நின்றது. உள்ளேயும் பீறிய ஆவியில் மணிக்கட்டு வெந்து, இருமிக்கொண்டே அவள் இறங்கியபோது பக்கத்துக் கார் முடிவுக் கோட்டைத் தாண்டியிருந்தது.

உடனே பாரபட்சமற்ற விசாரணைக் குழு கூடியது. போல்ட் முறுக்கிய அதே பத்துப் பேர். விவரம் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? முதலாளி அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னார். பத்து போல்ட்டையும் பத்துப் பொறுப்பான மனிதர்கள் முறுக்கியிருக்கிறார்கள். ஹெட்டில் கையே வைக்காத ஒரே ஆள் ஓட்டுநர். எனவே தவறு ஓட்டுநருடையது. ஆமோதிப்பவர்கள் கை தூக்கலாம்.

“இந்தத் தடவ தொழில் தெரிஞ்சவரு முதல்ல தூக்கட்டும்,” என்றார் பெருந்தன்மையாக.

மேசையின் நடுவில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் தன் செருப்பைப் பார்த்தார். கை மேலே போயிற்று. பக்கத்திலிருந்த கணக்கர் தூக்கினார். அப்படியே இரண்டு பக்கமும் பரவி, கடைசியாக ஓரத்தில் மாமனார் தூக்கினார்.

கட்டுப் போட்ட கையால் தங்கச்சி ஹெல்மெட்டை எடுத்து மச்சினன் முன்னால் வைத்தாள்.

“இப்பத்தாண்ணே நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போயிருக்கீங்க,” என்றாள். “இது கசியாது.”