இதெல்லாம் ஒரு குளிரா?

மலை அடிவாரத்து ஊர்களில் மட்டும் செழித்து வளரும் ஒரு மனித வகையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அடையாளம் சுலபம். தை மாதத்து விடியற்காலையில், நாய்கூட அடுப்புச் சாம்பலை விட்டு எழுந்திருக்க மறுக்கும் நேரத்தில், மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி விட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார். காதுக்கு மப்ளர் கிடையாது, மேலுக்கு ஸ்வெட்டர் கிடையாது. எதிரே எவனாவது குல்லா போட்டுக்கொண்டு வந்துவிட்டால் வண்டியை நிறுத்தி, "இன்னாபா, ஊட்டிக்கா கெளம்பிட்ட?" என்று கேட்டு, அவன் வெட்கப்பட்டுக் குல்லாவைக் கழற்றுகிறவரை நகர மாட்டார். "இதெல்லாம் ஒரு குளிரா?" இதுதான் அவருடைய வேதம்.

இவர்களுக்கு உண்மையிலேயே குளிராதா? குளிரும். உங்களுக்கும் எனக்கும் குளிர்கிற மாதிரியேதான் குளிரும். டீ தீர்ந்து கால் மணி நேரம் ஆன பிறகும் காலி கிளாசை இரண்டு உள்ளங்கையிலும் உருட்டிக்கொண்டு நாட்டு நடப்பு பேசுகிறார்களே, அவர்கள் இவர்கள்தான். வழியில் நாலு தரம் வண்டியை நிறுத்தி, குனிந்து இன்ஜினைத் தடவி, "சூடு ஜாஸ்தியாவுதான்னு பாக்கறேன்" என்பவர்களும் இவர்கள்தான். கரும்பு லாரிக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டே பத்து மைல் போவார்கள்; முந்த மாட்டார்கள். கேட்டால், "இன்னா அவசரம்?" என்பார்கள்.

வடக்கனந்தல் கொளஞ்சியப்பன் இந்த வகையில் தேறி முற்றிய மணி. நாலு ஏக்கர் கரும்பு, அந்த ஊருக்கு முதன்முதலாக வந்த ஹீரோ ஹோண்டா, பதினெட்டு வருஷமாகப் பனிக்காலத்தில் துண்டுகூடப் போர்த்தாத கீர்த்தி, இவை மூன்றும் அவருடைய சொத்து. முதல் இரண்டையும் கேட்டால் விற்றுவிடுவார்.

அவருடைய அக்காள் மகள் ஆண்டாள். கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அப்பா இல்லாத பெண், அதனால் நல்லது கெட்டதுக்குத் தாய்மாமன்தான் முன்னால் நிற்க வேண்டும். வெள்ளிமலையில் லைன்மேன் வேலை பார்க்கும் பையன் ஒருவனைத் தரகர் பிச்சைமுத்து கொண்டுவந்தார். பையன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. இனி பெண் வீட்டார் மலையேறிப் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் தண்ணீரோடு சரி. இலை போட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒரு நிபந்தனையும் செல்லாது.

விடிவதற்கு முன்னால் ஆண்டாள் மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஒரே ஒரு வார்த்த. கல்யாணத்துக்கு அப்புறமும் மிச்சம் ஒரு வருசத்த நான் படிக்கணும். வுடுவாங்களான்னு கேளுங்க. சரின்னு அவங்க வாயால சொன்னாதான் கை நனைக்கணும். இல்லன்னா எழுந்து வந்துடுங்க."

"உன் மாமன் வாயில இன்னா கொழுக்கட்டையா இருக்குது? கேட்டுக்கினுதான் வருவேன், போ."

"இந்தாங்க, ஸ்வெட்டர். மேல பனி ஜாஸ்தி."

"அத்த பிச்சமுத்துக்குக் குடு. இதெல்லாம் ஒரு குளிரா?"

பிச்சைமுத்து வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே குரங்குக் குல்லா, சட்டைக்குள் நெஞ்சுக்கு நேராக மடித்த தினசரிப் பேப்பர். அதற்கு மேல் இந்த ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் ஒரு போர்வை. பின்னால் ஏறி உட்கார்ந்து கொளஞ்சியப்பனின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல அகலமான முதுகு.

கச்சிராயபாளையம் தாண்டும்போது விரல் நுனி மரத்தது. கோமுகி அணைத் தண்ணீர்மேல் வந்த காற்றில் காது இரண்டும் யாருடையவோ ஆயின. 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்பார்கள். கொளஞ்சியப்பன் தரையைவிடக் கொஞ்சம் மிருதுவான ஆசாமி. மலை வளைவுகள் ஆரம்பித்ததும் கண்ணில் நீர் வழிந்தது, மூக்கில் வழிந்தது, கிளட்சைப் பிடித்த கை பிடித்தபடி நின்றுவிட்டது. நிறுத்தி ஸ்வெட்டரைக் கேட்டிருக்கலாம். தரகரிடமா கேட்பது? ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாரே!

"இன்னாங்க, வண்டி ஆடுது? குளுருதா?" என்றார் பிச்சைமுத்து, முதுகுக்குள்ளிருந்து.

"ரோ... ரோடு சரியில்ல."

ஆண்டாள் சொன்னதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார். வளைவுக்கு ஒரு வார்த்தையாக உதிர்ந்துகொண்டே வந்து, உச்சிக்குப் போனபோது 'அடுப்பு' என்ற ஒரே வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. அது ஆண்டாள் சொன்ன வார்த்தையே இல்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவருடைய விரல்களை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவர் பிச்சைமுத்து. பையனின் அம்மா ஜெயம்மாள் ஓடிவந்தாள்.

"வாங்கண்ணா, வாங்க. ஐயோ, இப்டி வெடவெடன்னு நடுங்கறீங்களே! உள்ள வந்து மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுங்க. பேச்ச அப்புறம் வெச்சிக்கலாம்."

உள்ளே அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. இலை போட்டாயிற்று. ஆவி பறக்கும் சாமைச் சோறு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க நாட்டுக்கோழிக் குழம்பு. கொளஞ்சியப்பனுக்குத் தெரியாதா? தெரியும். 'பேச்சு முடியட்டும்' என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார், தாடை திறக்கவில்லை. வேண்டாம் என்று கையைத் தூக்கினார். ஆவி முகத்தில் பட்டது. தூக்கிய கை தானாக இறங்கிச் சோற்றுக்குள் போனது.

"கை நனைச்சாச்சு! நல்ல காரியம் முடிஞ்சுதுங்க!" என்று பிச்சைமுத்து வாசலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

மூன்றாவது தரம் சோறு வாங்கிய பிறகுதான் தாடை இளகியது. கூடவே ஞாபகமும் இளகியது.

"அது வந்து... பொண்ணு படிப்பு... இன்னும் ஒரு வருசம்..."

"படிப்பா?" ஜெயம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "முன்னமே கேட்டிருந்தா யோசிச்சிருக்கலாம். இப்பதான் கை நனைச்சிட்டீங்களேண்ணா. என் மவனுக்கு ஆக்கிப்போட ஆளு வேணும். மாசியிலயே வெச்சிக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்றார் கொளஞ்சியப்பன். ரசம் சுடச்சுட இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஊர் திரும்பினார்கள். ஆண்டாள் கேட்டதற்கு, "ரொம்ப நல்ல மனுசங்கமா, தடபுடலா கவனிச்சாங்க" என்று மாமன் சுற்றி வளைத்தார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்த பிச்சைமுத்துதான் உடைத்தார். "மாமாவுக்குக் குளுரு தாங்கலம்மா. பொசுக்குன்னு இலையில கை வெச்சிட்டாரு."

அவள் அழவில்லை. ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு, மாமன் எதிரில் வந்து நின்றாள்.

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போவல மாமா. குளுரு தாங்காம, தெரியாம சாப்ட்டேன், அது சம்மதத்துக்கு இல்லன்னு ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்புங்க. பேச்ச மறுபடியும் எடுக்கலாம். அவங்களும் நீங்க நடுங்குனத பாத்தாங்க இல்ல?"

வழி இருந்தது. ஒரே வரி. அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து நின்றிருந்தார்கள், அதில் ஒருவர், இவர் வழிமறித்துக் குல்லாவைக் கழற்ற வைத்த ஆள். கொளஞ்சியப்பன் அவர்களைப் பார்த்தார். ஆண்டாளைப் பார்த்தார். மறுபடியும் அவர்களைப் பார்த்தார்.

"குளுரா? எனக்கா? யார்ரா சொன்னது? எல்லாம் தெரிஞ்சிதான் கை நனைச்சேன்!"

மாசியில் கல்யாணம் நடந்தது. தாய்மாமனுக்கு மாலை போட்டு முதல் மரியாதை செய்தார்கள். ஆண்டாளின் படிப்பு பாதியில் நின்றது, நின்றது நின்றதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கொளஞ்சியப்பனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரே வேளைச் சாப்பாட்டில் சம்பந்தத்தை முடித்தவர் என்று அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அந்த வியாதி இல்லை, சந்தோஷம். கடைசியாக எப்போது நாலு பேர் எதிரில் 'எனக்குத் தாங்கவில்லை' என்று வாய்விட்டுச் சொன்னீர்கள்? அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், உங்கள் வீட்டில் யாராவது தன் காரியத்தை உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்கு மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.