துப்பட்டாவில் சாராய வாசனை

பூதலூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தும் எலியைக் கண்டால் நடுங்குகிறவள் நான். (வெளியே சொல்லிவிடாதீர்கள், மருந்தியல் படித்தவள்.)

தஞ்சாவூரில் முதுகலை ஆய்வுக்கு எனக்கு வாய்த்ததோ எலிகள்தான். மது உள்ளே போனதும் இரைப்பையின் உட்சுவரை அரிக்கும் வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகும். அந்த அரிப்பை ஒரு மருந்து எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதி எலிகளுக்கு முதலில் மருந்து. பிறகு எல்லா எலிகளுக்கும் சாராயம். வளைந்த குழாயைத் தொண்டைக்குள் விட்டு ஊற்றுவது என் வேலை.

முதல் எலியைப் பிடித்தேன். அது திரும்பிக் கையுறையைக் கடித்தது. நான் அலறிப் பின்வாங்க, முழங்கை பட்டுக் குடுவை கவிழ்ந்து, சாராயம் முழுக்கத் துப்பட்டாவில். எலி தானாகவே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. (இருவரில் அதுதான் நிதானமாக இருந்தது.)

நனைந்த துப்பட்டாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு பேருந்து ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்து எழுந்து போனார். தெரிந்தவர் யாராவது ஏறிவிடுவார்களோ என்று ஊர் வரும்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

அதெல்லாம் ஒரு பயமா? வீட்டில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். குடித்துக் குடித்து ஒருமுறை ரத்த வாந்தி எடுத்து, பிழைத்து, அதோடு விட்டவர். அவர் பக்கத்தில் பையை வைத்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா வாடை பட்டதும் சட்டென்று நின்றார். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

அப்பா முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா இல்ல," என்றார். அம்மா நம்பவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா," என்றேன்.

'எலிக்கு' என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்த எலிக்கூண்டே தேவலாம் என்று தோன்றியது. துப்பட்டாவை உருவிக் காட்டி, அழுதுகொண்டே ஆய்வு முழுவதையும் ஒப்பித்தேன்.

அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த மருந்தப் போட்டுக்கிட்டு குடிக்கலாமா?"

அம்மா நிமிர்ந்தார். நான் அவசரமாகச் சொன்னேன்: "புண்ணு கொஞ்சம் கொறையலாம்ப்பா, அவ்வளவுதான். அதுவும் எலிக்கு."

அப்பா அதன்பிறகும் குடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கிளாஸை நீட்டினால் ஒரே பதில்தான்: "எங்க வீட்டுல எலிங்க மட்டுந்தாங்க குடிக்கும்."