ஏலக்காரருக்கு மூச்சு வாங்குகிறது

முதல் நாளே ஏலக்காரர் மூன்று நிமிஷம் தாமதம். 'காலை நடை நண்பர்கள் குழு. சரியாக ஐந்தே முக்கால். யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று பலகை இருந்த பூங்கா வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. பதினோரு பேர் தூரத்தில் குளத்துப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரர் ஓடினார்.

அவர் ஓடலாமா? வயது அறுபத்திரண்டு, எடை தொண்ணூற்று நாலு. வீட்டிலிருந்து பூங்கா வரைக்கும் வேறு ஒரே மேடு. ஒருவழியாக எட்டிப் பிடித்தபோது அவர் நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. குழுவின் தலைவி கழுத்தில் விசில் தொங்கவிட்ட மருந்துக்கடை அம்மா. அவர் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க சார், புதுசா? உங்க பேரு?"

ஏலக்காரர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கொஞ்சம் பொறுங்கள், மூச்சு வந்ததும் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"பரவாயில்ல சார், சிரமப்படாதீங்க," என்றார் மருந்துக்கடை அம்மா, ரொம்ப மென்மையாக.

எவ்வளவு தங்கமான மனுஷி என்று ஏலக்காரர் உருகிப்போனார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் காய்கறி மண்டியில் ஏலம் விட்ட தொண்டை அது. ஒரு கூடை தக்காளி கைமாறுவதற்குள் நாற்பது வார்த்தை பேசிவிடுவார். ஓய்வு பெற்று, மகள் வேலை பார்க்கும் இந்த ஊருக்குக் குடிவந்து நாலு மாசம் ஆகிறது. தெரிந்த முகம் ஒன்று இல்லை. மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். மிச்சம் மனைவி. அந்த அம்மாள் ஒரே ஆளாக எவ்வளவுதான் கேட்பார், பாவம்? சர்க்கரைக்கு நடக்கணும் என்று டாக்டர் சொன்னதும் ஏலக்காரரைவிட அவருக்குத்தான் முகம் மலர்ந்தது.

"கூட்டமா நடங்க. உங்களுக்கு நாலு பேர் சிநேகம் கிடைக்கும். என் காதுக்கும் ஓய்வு கிடைக்கும்," என்றார்.

ஆக, சர்க்கரை எல்லாம் ஒரு சாக்கு. ஏலக்காரருக்கு வேண்டியது பேச்சுத் துணை.

அங்கேதான் வந்தது வினை. குழு நாற்பது நிமிஷம் நிற்காமல் நடக்கும். விசில் ஊதியதும் கலைந்துவிடும். மருந்துக்கடை திறக்கணும், தபாலாபீஸ் திறக்கணும், பல் டாக்டருக்கு ஏழு மணிக்கே யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏலக்காரருக்கு மூச்சு திரும்பும்போது வீட்டு வாசல் வந்திருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறக்க முடியாமல் கெட்டார்.

சரி, முன்கூட்டியே போய் மூச்சைச் சமாதானம் பண்ணி வைத்துக்கொள்வோம் என்று ஒருநாள் ஐந்து மணிக்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். குளுகுளுவென்று காற்று. கண்ணசந்துவிட்டார். விழித்தபோது அவர்மேல் யாரோ சால்வை போர்த்தியிருந்தார்கள், குழு பாதி தூரம் போயிருந்தது. சால்வையோடு ஓடினார். அன்றைக்கு வழக்கத்தைவிட மோசமாக மூச்சு வாங்கியது.

ஆனால் ஒன்று, பேசாத மனுஷனைச் சுற்றித்தான் கூட்டம் சேர்கிறது. பல் டாக்டர் தம் கூடப்பிறந்தவர்களோடு இருந்த மனஸ்தாபம் முழுவதையும் இவரிடம் கொட்டினார். தபாலாபீஸ் அம்மா மாமியார் கதையை மூன்று நாள் தொடராகச் சொன்னார். ஏலக்காரர் மூச்சிரைக்கத் தலையாட்டினார். பதில் மட்டும் நாக்கு நுனியில் நின்று நமைச்சல் எடுத்தது.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஒரு சீட்டில் எழுதி மருந்துக்கடை அம்மா கையில் திணித்தார்: 'உங்கள் எல்லாரோடும் பேச எனக்குக் கொள்ளை ஆசை. என்ன செய்ய, முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.'

அம்மா படித்தார். கண் கலங்கியது. விசிலை மறந்துவிட்டு மற்ற பத்துப் பேரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார். ஒரு சீட்டுக்கே இவ்வளவு பாசமா என்று ஏலக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். அவள் வந்ததிலிருந்து எல்லாரும் நடந்துகொண்டே கைகளை ஆட்ட ஆரம்பித்தார்கள். விரலை மடக்குவது, உள்ளங்கையைத் தட்டுவது, மோவாயைத் தொடுவது. அவள் கூடவே வந்து விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஓகோ, கைக்கும் பயிற்சி போலிருக்கிறது என்று ஏலக்காரரும் ஆட்டினார். வீட்டுக் கண்ணாடி முன்னாலும் பழகினார்.

"என்ன, கொசு அடிக்கிறீங்களா?" என்றார் மனைவி.

"புதுப் பயிற்சிடி. உனக்கு இதெல்லாம் தெரியாது."

ஆட்ட ஆட்ட விபரீதம். ஒருநாள் சொந்தக் கற்பனையில் இரண்டு சுற்று சேர்த்துப் பல் டாக்டரைப் பார்த்துக் கையாட்டினார். மறுநாள் அவர் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். யார் கேட்டது? பூனை வீட்டுக்கு வந்தது, மனைவி முறைத்தார். பூனை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மூச்சு வேண்டுமே என்று பயிற்சியைக் கூட்டினார். இந்தத் தடவை எதிரில் இருந்தவர் தபாலாபீஸ் அம்மா. அவர் முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார். அடுத்த நாள் அவர் கணவர், ஆறடி பஸ் டிரைவர், தாமும் நடக்க வந்து இருவருக்கும் நடுவில் நடந்தார்.

ஆனாலும் நடை நடைதானே. இரண்டு மாசத்தில் ஏழு கிலோ குறைந்தது. ஒருநாள் காலை மேட்டின் உச்சியில் நின்று பார்த்தார். மூச்சு வாங்கவில்லை! சத்தியமாக வாங்கவில்லை. ஏலக்காரருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. மறுநாள் குழுவின் ஆண்டு விழா. பேச்சை அதற்கென்று பத்திரப்படுத்தினார்.

விழாவுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். குளக்கரையில் தேநீர், பிஸ்கட். 'எல்லாரையும் பொறுமையாகக் கேட்ட நண்பர்' என்று எழுதிய ஒரு கேடயத்தை மருந்துக்கடை அம்மா அவரிடம் நீட்டினார். மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வேறு யாருக்காவது எழுதியது மாறிவிட்டதோ என்று பார்த்தார். கூட்டம் கைதட்டவில்லை. இரண்டு கையையும் உயரத் தூக்கி விரல்களைப் படபடவென்று அசைத்தது. விழாவிலும் பயிற்சியா என்று இவரும் அசைத்தார்.

பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"அன்பு நண்பர்களே!"

குளத்து வாத்துகள் எழும்பிப் பறந்தன. முப்பது வருஷ மண்டிக் குரல் மடை திறந்தது. நாலு மாசத் தனிமை, மேடு, சால்வை, சீட்டு, கேட்டும் பதில் சொல்ல முடியாமல் தவித்த கதைகள், ஒன்றையும் விடவில்லை. நீங்கள் எல்லாரும் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்லி முடித்தார்.

பல் டாக்டரின் பிஸ்கட் தேநீரில் விழுந்து கரைந்தது. மருந்துக்கடை அம்மா விசிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மஞ்சள் தொப்பிப் பெண்தான் வாய் திறந்தாள்.

"ஏன் மேடம், சாரால பேச முடியாது, அவர்கூடப் பேசிப் பழகணும்னுதானே நீங்க பதினோரு பேரும் ஆறு வாரமா என்கிட்ட சைகை மொழி கத்துக்கிட்டீங்க?"