அரக்கு உடையாத ஷிராஸ்

எந்த ஒயின் எந்த உணவோடு பொருந்தும் என்பதைக் குடிமக்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்வது பெரிய ஒழுங்கீனம். அதைத் தடுக்க ஏற்பட்டதுதான் எங்கள் பொருத்தச் சான்று அலுவலகம். நான் அங்கே எழுத்தர்.

என் அண்ணி ஆறு வருஷம் கொடிகளோடு மல்லுக்கட்டி, ஷிராஸ் திராட்சையில் முதல் தடவையாகச் சிவப்பு ஒயின் வடித்திருந்தார். மிளகு வாசனையும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்புமாக முரட்டு ஒயின். லேபிளில், "நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறியோடு நன்றாக இருக்கும். மீனோடு வேண்டாம்" என்று எழுதியிருந்தார். மாதக் கடைசிக்குள் சான்று கிடைத்தால்தான் வியாபாரி சரக்கை எடுப்பார். இல்லாவிட்டால் தோட்டம் போய்விடும்.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க தம்பி. எப்படி இருக்குன்னு யாராவது சொல்லணும்னு ஆசையா இருக்கு."

"சான்று இல்லாத ஒயினையா? என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க அண்ணி" என்று சொல்லி, மாதிரி பாட்டிலை வாங்கி மூடியில் அரக்கு வைத்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. சான்று வழங்கும்வரை அரக்கை உடைக்கக் கூடாது என்பது பதினான்காம் விதி. உணவோடு பரிசோதிக்காமல் சான்று வழங்கக் கூடாது என்பது பதினைந்தாம் விதி.

"மூடியைத் திறக்காம ருசி எப்படி சார் தெரியும்?" என்றார் அண்ணி.

எங்கள் அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாட்டில் மேஜைமேல இருக்கும். கறி தட்டுல இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு நாங்க பார்ப்போம். கறியை மட்டும் நாளைக்குக் கொண்டு வந்துடுங்கம்மா."

மறுநாள் பரிசோதனைக் குழுவினர் நால்வர், பாட்டிலை நடுவில் நிறுத்தி, ஒரு முழு ஆட்டுத் தொடையைப் பரிசோதித்தார்கள். "மேற்படி ஒயின் மேற்படி கறிக்கு எவ்வித இடையூறும் விளைவிக்கவில்லை" என்று குறிப்பு எழுதினேன். ஐயம் நீங்காததால் மேலும் மூன்று நாள் கறி வந்தது.

"மீன் வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு ஆதாரம்?" என்றார் அதிகாரி. மீனும் வந்தது. பிரமாதமாகப் பொருந்தியது. அண்ணி உண்மைக்கு மாறான தகவல் தந்ததாகக் கோப்பில் ஏறியது.

கடைசியாக ருசி நிபுணர் வந்தார். கழுத்தில் பட்டுத்துணி. அரக்கை முகர்ந்து, கண்ணை மூடி, "ஈரத் தோல்... புகையிலை... மழை நனைச்ச கல்லு..." என்றார். அன்று சாயங்காலமே எங்கள் தட்டச்சர் டீயை உறிஞ்சிவிட்டு, "கடைசியில லேசா தோல் வருது, கவனிச்சீங்களா?" என்றார். எல்லோரும் கவனித்திருந்தோம்.

மாதக் கடைசி நாளில் சான்று கிடைத்தது. லேபிளில் அண்ணியின் வரிகளை அடித்துவிட்டு, "மூடி திறவாத நிலையில் எல்லா உணவோடும் பொருந்தும்" என்று அச்சிட உத்தரவு. அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒயின் பறந்தது. பெரிய மனிதர் வீடுகளில் சாப்பாட்டு மேஜை நடுவில் திறக்காத ஷிராஸ் இல்லையென்றால் கௌரவக் குறைவு என்றானது. திறந்தவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள். தோட்டம் தப்பியது. நானும் ஒன்று வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் வீட்டுக்கு வந்தார். அலமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, "நீங்களாவது குடிச்சுப் பார்த்தீங்களா தம்பி?" என்றார்.

"பின்னே! வாங்கின அன்னிக்கே. முதல்ல மிளகு, அப்புறம் ஈரத் தோல். முடிவுல அந்த மழைக் கல்லு வருது பாருங்க, அடடா!"

அண்ணி திரும்பி, அலமாரியில் அரக்கு உடையாமலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"ரெண்டாவது பெட்டியிலேருந்து பீட்ரூட் தண்ணிதான் ஊத்துறேன் தம்பி" என்றார் மெதுவாக. "நல்லது பூராவும் பீப்பாய்லயே இருக்கு, குடிக்கிற ஆளுக்குக் கொடுக்கலாம்னு. என்னிக்காவது ஒருத்தர் திறந்து பார்த்துட்டு, சண்டைக்கு வருவார்னு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கேன். எட்டு மாசமாச்சு, எல்லாரும் பாராட்டிட்டுத்தான் போறாங்க."