பிளாஸ்திரி செய்த காது

செங்கல்பட்டு ஜில்லாவில் கத்தியைத் தொடாமலே அதிகம் பேரை வெட்டிச் சாய்த்தவர் பிளாஸ்திரிதான். எழுபதுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தால், காயம், தழும்பு, தீப்புண் எல்லாம் மேக்கப்காரரான அவர் கைவேலை; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கதாநாயகிக்குப் பவுடர் பூசக் கூப்பிட்டால் மட்டும் போகமாட்டார். "அழகா கீறவங்களுக்கு நான் எதுக்குப்பா?" என்பார்.

நான் அப்போது செங்கல்பட்டில் குமாஸ்தா. லாட்ஜில் அவருக்கு அடுத்த அறை. அவருடைய ரத்தம் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தது என்பதால் எங்கள் மாடியில் எறும்புகள்தான் மெஜாரிட்டி. பஸ்ஸில் பக்கத்து ஆளின் நெற்றியில் தழும்பு இருந்துவிட்டால் போச்சு. "இது இன்னா, அருவாளா, படிக்கட்டா?" என்று விரலால் தடவிப் பார்ப்பார். இரண்டு முறை அறை வாங்கியிருக்கிறார். வாங்கிய கையோடு, கன்னம் எப்படிக் கன்றிச் சிவக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நெற்றியில் வெட்டுக்காயம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதை மறந்து நான் டீக்கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரர் என்னைப் பேசவே விடாமல் ரிக்‌ஷாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். டாக்டர் பஞ்சால் துடைத்ததும் காயம் முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது. என்னை அரைமணி நேரம் திட்டினார். சாயங்காலம் அவரே லாட்ஜுக்கு வந்து, "அந்த ஓரத்துச் சிவப்பு எப்படி வந்தது?" என்று பிளாஸ்திரியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் வேலு என்று ஒரு மீனவர். படப்பிடிப்பு நடந்தால் பிணமாகக் கிடப்பார். கட்டுமரம் புரண்டதில் இடது காதின் மேல்பாதி போய்விட்டது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து பெண் வீட்டார் வந்து பார்த்தபோது தலைப்பாகையைக் கழற்றாமலே சமாளித்துவிட்டார். நிச்சயமும் ஆகிவிட்டது. மணவறையில் தலைப்பாகை நடக்காதே?

"அண்ணாத்த, ஒரு காது வெச்சுக் குடு. அந்தப் பொண்ணு வேணான்னு பூட்டா நான் கடலுக்கே போவமாட்டேன்" என்று பிளாஸ்திரியிடம் வந்து நின்றார்.

அச்சு எடுக்க என் காது அகப்பட்டது. மாவைக் குழைத்து அப்பிவிட்டார்; அரைநாள் எனக்குப் பாதி உலகம் கேட்கவில்லை. ரப்பர் பாலை ஊற்றி, வேலுவின் நிறம் வரும்வரை ஏழு தடவை வர்ணம் பூசினார். ஒட்டிப் பார்த்தால், பிறந்தபோதே முளைத்த காது மாதிரி இருந்தது. ஆனால் செய்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுநாள் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி எங்கோ போய்விட்டு வந்தார்.

கல்யாணத்தன்று மணவறைக்குப் பின்னால் பசை பாட்டிலோடு நின்றார். கடற்காற்று, வியர்வை, ஹோமப்புகை. மூன்றையும் காது தாங்கியது. பெண் போட்ட மாலையைத் தாங்கவில்லை. பூவில் சிக்கி, பொத்தென்று அவள் மடியில் விழுந்தது.

வேலுவுக்கு உயிரே போய்விட்டது. எனக்கும்தான்; அது என் காதாயிற்றே. பெண் அதைச் சட்டென்று பொத்தி இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "பேசாம தாலியக் கட்டு. காத அப்பால தரேன்."

பந்தியில் பரிமாறிய பெண்ணின் அண்ணன்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். "உங்காளு முன்னாடியே வூட்டுக்கு வந்து அல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'சினிமா பாக்கறவனுக்கு அது பொய்னு தெரியும். உங்க பொண்ணுக்குத் தெரியாதே'ன்னாரு."

"தங்கச்சி இன்னா சொல்லிச்சு?"

"'நான் சொல்றது அவருக்குக் கேக்குமில்ல, அது போதும்'னுச்சு. 'ஆசப்படறாரு, காத வெச்சே கூட்டினு வாங்க'ன்னு அனுப்பிச்சது."

திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒன்றும் தெரியாதவர்போல் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்திருந்தது. எத்தனையோ கல்யாணங்களில் சாப்பிட்டுவிட்டேன். அதைவிட நல்ல இடம் எனக்கு எங்கும் அமையவில்லை.